உப்புத் தண்ணீரில் குழைத்த பசை

இன்று காலை பேபி பவுடர் டப்பாவைத் திறந்ததும் உன் நினைவு வந்தது. "பிள்ளை பெத்த வீடு மாதிரி மணக்குதடி" என்று நீ ஒவ்வொரு முறையும் சொல்வாயே, அதே மணம். பவுடரையும் வெள்ளைப் பசையையும் வெள்ளைப் பெயின்றையும் மாஜரின் டப்பாவில் போட்டுக் குழைத்தேன். எம்போசிங் பேஸ்ட் இப்போது புத்தளத்துக் கடையிலேயே போத்தலில் கிடைக்கிறது. ஆனாலும் உன் மகளுக்கு நம்முடைய பசைதான் வேண்டுமாம். அவளுடைய கல்யாணக் கார்டில் அம்மா வெட்டிய பூ, அம்மா குழைத்த மாதிரிப் பசையில் எழும்பி நிற்க வேண்டுமாம்.

பசையைத் தளர்த்த நாலு துளி தண்ணீர் வேண்டும். போத்தலைச் சரித்து, முதல் துளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். எதிரே இருந்த உன் மகள் சிரித்துவிட்டாள்.

"என்ன அன்ரி, அம்மா விட்ட பிழைக்கு நீங்களும் இன்னும் உப்புப் பாக்கிறீங்களே?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்?

அந்த முதல் நன்மைக் கார்டுகளை நீ மறந்திருக்க மாட்டாய். வன்னியிலிருந்து வந்து இந்தக் களப்புக் கரையில் அடுத்தடுத்த வீட்டில் குடியேறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாற்பது பிள்ளைகளுக்கு மடத்துச் சிஸ்டர் கார்டு கேட்டார். நாம் சேர்ந்து எடுத்த முதல் பெரிய வேலை. வேலை வடிவாக வந்தால், பெண்பிள்ளைகளுக்கான கைப்பணி வகுப்பை நம்மில் ஒருவரிடம் தருவதாகவும் சொன்னார். அது உனக்குத்தான் என்று இருவருக்குமே தெரியும். ஸ்டென்சில் வெட்டும் கை உன்னுடையது. பழைய எக்ஸ்ரே பிலிமில் கிண்ணமும் அதன்மேல் அப்பமும் நீ வெட்டியதைப் பார்த்துச் சிஸ்டரே வாயில் கை வைத்தார்.

நான் ஸ்டென்சிலை அசையாமல் பிடிப்பேன். நீ பாணுக்கு மாஜரின் பூசும் கத்தியால் பசையை ஒரே இழுப்பில் வழித்துவிடுவாய். பிறகு தூக்குவது என் வேலை. ஓரம் ஓரமாகத் தயங்கித் தூக்குவேன்.

"பயந்து பயந்து தூக்கினா இழுபடுமடி. நேரா மேல தூக்கு" என்பாய். கடலுக்குப் போகிறவனிடமே நீந்தத் தெரியுமோ என்று கேட்கிற ஆள் நான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவளும் நீதான்.

கார்டு செய்த அன்று காலையில் பசைக்கு முதல் தண்ணீர் விட்டது நீ, குடிதண்ணீர் வாங்கி வைக்கும் பிளாஸ்டிக் கானிலிருந்து. மத்தியானம் நீ பாண் வாங்கக் கடைக்குப் போன நேரம் பசை இறுகிவிட்டது. கான் வெறுமையாகிக் கிடந்தது. நான் கிணற்று வாளியில் கோப்பையைத் தோய்த்து ஊற்றிக் குழைத்தேன். வன்னியில் கிணற்றில் அள்ளித்தானே குடித்தோம். இந்தக் கரையில் கிணறு உப்பு, குளிக்கவும் கழுவவும் மட்டும்தான் என்பதை என் கை அன்றைக்கு மறந்துவிட்டது. பெரிதாக எண்ணாமல் உன்னிடமும் சொல்லவில்லை.

வெயிலில் கார்டுகள் நன்றாகவே காய்ந்தன. பெட்டியில் அடுக்கிக் கொடுத்தோம். சனிக்கிழமை மழை பிடித்தது. ஞாயிறு பூசை முடிந்து சிஸ்டர் பெட்டியைத் திறந்தால், சிரட்டையில் வைத்த உப்பு மழைக்குக் கசிவது போலக் கிண்ணமெல்லாம் கசிந்து, கார்டோடு கார்டு ஒட்டிக் கிடந்தது. பிரித்து எடுத்ததில் ஒரு பிள்ளைக்குக் கிண்ணம் இல்லாத அப்பம்தான் கிடைத்தது. சிஸ்டர் பசையைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு. ஆர் தண்ணி விட்டது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சொல்லிவிட்டாய். "நான்தான் சிஸ்டர். காலமை அவசரத்தில பாக்காம விட்டிருப்பன்."

திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அடுத்த வாரம் கைப்பணி வகுப்புக்குச் சிஸ்டர் கூப்பிட்டது என்னை. கால் முறிந்து கடலுக்குப் போக முடியாமல் என் மனிதர் வீட்டில் கிடந்த காலம் அது. பிறகு எத்தனையோ வருடம் எங்கள் அடுப்பு அந்த வகுப்பால்தான் எரிந்தது.

அதன் பிறகு பசை குழைக்கும்போதெல்லாம் நீயும் ஒரு துளியை நாக்கில் வைத்து, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவாய். உனக்கு எல்லாம் தெரியும், எனக்காகத்தான் பழியைத் தூக்கிக்கொண்டாய் என்று அந்தக் கண் சிமிட்டலை வைத்து நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அதில் சாய்ந்துகொண்டுதான் இத்தனை காலம் இருந்தேன். கேட்டுப் பார்க்கப் பயம். வேறு பதில் வந்துவிட்டால்? சிலாபம் ஆசுபத்திரியில் உன் கட்டிலருகே இருந்த கடைசிக் கிழமையிலும் சொல்லிவிடத்தான் வந்தேன். "நத்தார்க் கார்டெல்லாம் குடுத்து முடிச்சிட்டியே?" என்று நீ கேட்டாய். நத்தார்க் கார்டையும் பாலன் பிறப்பையும் பற்றியே கதைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே, இனி இவள் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவாளா என்றும் யோசித்தேன். இந்த வயதிலும் என் புத்தி அப்படித்தான்.

அவள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகி மூடினாள். பிறகு, "அம்மா தனிய இருந்து செய்யேக்கையும் தண்ணியை நாக்கில வச்சுப் பாப்பா அன்ரி" என்றாள். "கானிலதான் எடுத்த நினைவு, பிறகெப்பிடி உப்பு வந்தது எண்டு ஆசுபத்திரியிலயும் கேட்டவ. வகுப்பும் கையை விட்டுப் போச்சு எண்டு தன்னையே ஏசுவா."

அப்படியென்றால் உனக்குத் தெரியாது. நீ சிமிட்டியது வெறும் பகிடிக்கு.

"என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை" என்றேன்.

"எனக்குச் சொல்லி என்ன? அம்மாவுக்குச் சொல்லுங்கோ." குரலில் கோபமும் இல்லை, பழைய ஒட்டும் இல்லை. நீ வெட்டிய பூ ஸ்டென்சிலைக் கார்டில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். "பிடிச்சிருக்கிறன். பூசுங்கோ."

பூசினேன். அவள் தயங்காமல் நேராக மேலே தூக்கினாள். மிச்சக் கார்டுகளுக்கு நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள். வருவாளோ என்று படலையைப் பார்த்தபடி இதை எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் நீ கானிலிருந்துதான் எடுத்தாய். உன் நினைவு சரி. நீ பாண் வாங்கப் போன நேரம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியது நான். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியவள் நான் ஒருத்திதான். நீ இல்லை.