அம்மா கொண்டுவரும் கூஜா

புதுக்கோட்டை,
6-12-1961

அன்புள்ள அமராவதிக்கு,

நான் நலம். நீயும் குழந்தையும் நலமா என்று எப்போதும் எழுதுகிற வரிதான். இந்தத் தடவை அதை எழுதும்போது கை நின்றுவிட்டது.

உங்களை அழைத்துவர அம்மா வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மணமேல்குடி வருகிறாள். கூடவே பெரிய கூஜாவில் நம் தெருக் கிணற்றுத் தண்ணீரும் வருகிறது. உங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் உரைத்தால் பேரனுக்கு மருந்து பிடிக்காதாம். அந்தத் தண்ணீர் நல்லதம்பியின் வாயில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. முதலில் இதைச் சொல்லிவிட்டேன். மற்றதைப் பிறகு படி.

ஐப்பசி மழைக்குப் பின் ஊர்க் கிணறுகளைச் சோதிக்க நகராட்சியில் உத்தரவானது. காய்ச்சிய சீசாக்களில் தண்ணீர் பிடித்து, ஐஸ் வைத்துக் கட்டிச் சென்னைக்கு அனுப்பியவன் நான்தான். முடிவு வந்துவிட்டது. சேரிக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும், பருப்பு வேகாது, ஆனால் குடிக்கலாம். ஊரே நல்ல தண்ணீர் என்று சுமக்கிறதே நம் தெருக் கிணறு, அதில் மலக்கிருமி. நாக்குக்கு உப்பு மட்டும்தான் தெரிகிறது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. நகராட்சி உறுப்பினர் ஆவுடையப்பன் போன வருடம் மாடி கட்டியபோது, செம்பாறையில் ஆழமாகக் குழி வெட்டிக் கக்கூஸ் வைத்தார். கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே ஒரு மதில். மதில் மண்ணுக்கு மேலேதானே இருக்கிறது.

நகராட்சிச் சுகாதார அதிகாரியிடம் போனேன். கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் பிடித்து, அந்த முடிவை மட்டும் எழுதச் சொன்னார். “ஏந் தம்பி, சேரித் தண்ணி நல்லது, நம்ம தண்ணி கெட்டதுன்னு எழுதிப்புட்டு இந்த ஊர்ல குடியிருக்கப் போறீங்களா?” என்று சிரித்தார். மாட்டேன் என்று வந்துவிட்டேன். வேறு ஆளைப் பிடிப்பார். பவுடர் திருச்சியிலிருந்து வரவேண்டுமாம். அதுவரை கிணற்றை மூடக்கூட ஒருவருக்கும் மனசில்லை.

சேரியில் இருளாயி எனக்கு ஒரு குடம் இறைத்துக் கொடுத்தாள். “எங்க தண்ணியக் கொண்டுபோனா ராத்திரிக்கு ஒங்காத்தா சோறு போடுமா சாமி?” என்று கேட்டாள். போடவில்லை. அந்தக் குடம் மாட்டுக் கொட்டகையைத் தாண்டி உள்ளே வரவில்லை. “நீ குடிச்சு வளந்த தண்ணிடா” என்பதுதான் அம்மாவின் பதில். நான் வளர்ந்தபோது அந்தக் குழி இல்லை என்றால் காதில் ஏறவில்லை.

அடுத்த வீட்டுச் சொர்ணவல்லியின் பையனைப் பற்றி உனக்கு எழுதவேண்டாம் என்றிருந்தேன். போன வாரம் வயிற்றுப்போக்கு. பல் முளைக்கிற கழிச்சல் என்றார்கள். நீ தைத்துக் கொடுத்த சட்டையோடுதான் கொண்டுபோய்ப் புதைத்தோம். கடைசிவரை உதடு காய்ந்து கிடந்தான். அவள் சங்கு சங்காக அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் புகட்டிக்கொண்டே இருந்தாள். அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

கூஜாவைக் கை தவறியதுபோல் கவிழ்த்துவிடு என்று எழுதி, அடித்திருக்கிறேன் பார். அப்படிச் செய்தால் அம்மா அடுத்த தடவையும் கொண்டுவருவாள். வாசலில், அவள் கண்ணெதிரே கொட்டு. உன் அய்யா திட்டுவார். மாமியாரை அவமதித்தவள் என்ற பேர் உனக்கு நிற்கும். என் பெயரைச் சொல், இந்தக் கடிதத்தைக் காட்டு. உங்கள் ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதிலேயே மருந்தை உரை. நான் எழுதும்வரை இங்கே வராதே. இதை உங்கள் ஊர்க் கண்டக்டர் வெள்ளைச்சாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும்.

இன்னொன்று. இன்று காலையிலிருந்து அம்மாவுக்கும் வயிறு சரியில்லை. போகவேண்டாம் என்றேன். பேரன் முகத்தைப் பார்த்தால் நின்றுவிடும் என்கிறாள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவள் பிள்ளையைத் தூக்க விடாதே. பிறகு, கூஜாவைக் கொட்டிய அதே கையால் அவளுக்குக் கொஞ்சம் கஞ்சி வைத்துக் கொடு. எவ்வளவு திட்டினாலும் பக்கத்திலேயே இரு.

நல்லதம்பி நூறு வயது இருக்கட்டும்.

உன் அன்புள்ள,
ஆத்மநாதன்