உன் குரலுக்கு ஒரு பேக்கேஜ்

முதலில் மன்னித்துவிடு. செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அட்ரஸ் இல்ல, படிக்க ஆள் இல்ல, உனக்கு வேற வேலையே இல்லியாடி" என்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். வாயில் வராததை எழுதித்தான் எனக்குப் பழக்கம். ஒரே கேன்டீன் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு உனக்கே மெசேஜ் அனுப்பியவள்தானே நான்.

இன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் உன் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினார். அதில் நீ இருந்தாய். அரக்கு நிறப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, பின்னால் ஓர் அருவி. நம் பக்கத்தில் எங்கேயும் இல்லாத அருவி. கன்னத்தில் ரோஸ் பூசி, இரண்டு மூன்று நிறம் வெளுத்திருந்தாய். வலது கையைத் தூக்கி ஆட்டிச் சிரித்தாய். உன் தெற்றுப்பல்லைக் காணவில்லை. சீப்பு வைத்து வாரியதுபோல ஒரே சீரான பல்வரிசை. சத்தம் மட்டும் இல்லை.

கீழே அண்ணன் எழுதியிருந்தார்: "ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு வருஷம். வாய்ஸ் மட்டும்தான் பாக்கி. உன் போன்ல இருக்கறத அனுப்பும்மா."

விஷயம் இதுதான். வேலூர் பஜாரில் ஒரு ஸ்டுடியோக்காரன் செத்தவர்களைப் பேசவைக்கிறானாம். போட்டோ கொடுத்தால் கையசைக்க வைப்பான். குரலும் கொடுத்தால் அதே குரலில் அவன் எழுதித் தருவதைச் சொல்ல வைப்பான். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பெரிய திரை கட்டி, படையலுக்கு முன்னால் நீ வந்து ஊர் மக்களுக்குப் பேசப்போகிறாய். உன் குரல் என் போனில் மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் 'ஓகே' என்று தட்டிவிடுவாய்; எனக்கு மட்டும் பேசி அனுப்புவாய். உன் போனில் இருந்தவை என்ன ஆயின என்று கேட்காதே. நீ போன அதே மாதம் அதை முழுக்க அழித்துவிட்டு உன் அண்ணன் தன் உபயோகத்துக்கு வைத்துக்கொண்டார். இலவசமாக இருந்த குரலை அழித்துவிட்டு இப்போது காசு கொடுத்துக் குரல் செய்கிறார்.

"தேடிப் பாக்கறேன் அண்ணா" என்று பதில் போட்டேன். தேட ஒன்றுமில்லை. எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் தெரியவில்லை.

போன வாரமே அந்த ஸ்டுடியோவுக்கு என்னைக் கூட்டிப்போனார். "நீ படிச்ச பொண்ணு, எழுத்துப் பிழை இருந்தா பாத்துச் சொல்லு" என்றார். நம் வீடுகளில் முதல் டிகிரி வாங்கியவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை இது. பேனர் எழுதினாலும் பத்திரிகை அடித்தாலும் கூப்பிடுவார்கள். அது தேவையா என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

ஏசி அறை, கறுப்புக் கண்ணாடி மேசை. ஸ்டுடியோக்காரன் கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கம்பெனியில் அவனைத் தவிர ஆளே இல்லை.

"மூணு பேக்கேஜ் இருக்குது சார். சும்மா கையாட்டறது ஒண்ணு. பேசறது ஒண்ணு. பேசி ஆசீர்வாதம் பண்றது ஒண்ணு. அது கொஞ்சம் ஜாஸ்தி ஆகும்."

உன் அண்ணன் யோசித்தார். "சின்னப் பொண்ணு சார் அது. எங்கம்மாவ எப்டி ஆசீர்வாதம் பண்ணும்?"

"அப்ப ஆறுதல் சொல்ற மாதிரி போட்டுக்கலாம் சார். அதே ரேட்டுதான்."

நீ இருந்திருந்தால் மேசைக்கு அடியில் என் காலை மிதித்திருப்பாய்.

உன் மேசை நினைவுக்கு வந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் ஷிப்பிங் பேப்பர் அடிக்கிற பக்கம், நீ பர்ச்சேஸ். பக்கிள், நூல், லைனிங் விற்க வருகிறவர்கள் உன் எதிரில் உட்கார்ந்து மாதிரியைப் பரப்புவார்கள். எல்லாம் மினுமினுக்கும். நீ மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாய். திருப்பிப்போட்டு உள்பக்கத்தைத் தடவுவாய். "பூச்சு கனமா இருக்குதுன்னா அடியில காயம் இருக்குதுன்னு அர்த்தம். சாம்பிள இங்க வெச்சிட்டுப் போ, மூட்டைல வர்ற சரக்கக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்பாய். பர்ச்சேஸில் எல்லாருமே அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் சாயங்காலம் அந்தப் புத்தியை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த தெருவில் போய் எதையாவது தவணையில் வாங்கிக்கொண்டு வருவார்கள். நீ அதைக் கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாய்.

சம்பள நாளில் கம்பெனி வாசலில் நின்று கூப்பன் கொடுக்கிற பியூட்டி பார்லர் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். கோல்ட் ஃபேஷியல் என்றாள். "தங்கமா? அப்ப மூஞ்சிய அடகு வெச்சா எடுத்துப்பாங்களா?" என்று கேட்டாய். கியூவில் நின்ற தையல் செக்ஷன் பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் அதே பெண்கள் அதே பார்லரில் வரிசையில் இருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு இரக்கம் வந்ததில்லை. பகலெல்லாம் பசை வாசனையில் கிடந்து சம்பாதித்ததை, முகத்தில் தடவி மறுநாள் கழுவி ஊற்றுகிறவர்களிடம் எனக்குப் பேசக்கூடப் பிடிக்காது. பேசுவதே இல்லை என்பதால் அவர்களுக்கு அது தெரியாது.

"இத வாங்கலன்னா யாருக்கு நஷ்டம், எனக்கா விக்கிறவனுக்கா?" எந்தக் கடை வாசலிலும் உனக்கு இந்த ஒரு கேள்விதான். ஆனால் நீ கஞ்சம் இல்லை. ஷேர் ஆட்டோவில் உனக்கு இரண்டு சீட். ஒன்று உனக்கு, ஒன்று உன் கைப்பைக்கு. டிரைவர் ஒருநாள் கேட்டார்: "பைக்கு சீட்டா? பைக்குக் கல்யாணம் வேற பண்ணி வெச்சிடுவியா?"

"காசு குடுத்தாச்சில்ல. வண்டிய எடுண்ணா."

பக்கத்திலிருந்த அம்மா ஒருத்தி, "காசு கொழுப்புடி" என்று முணுமுணுத்தாள். நீ என் காதில் சொன்னாய்: "எவன் முழங்கையும் படாம வீடு போய்ச் சேர்றேன் பாரு. அதுக்கு இது கம்மி." பட்டுப்புடவைக்குப் பணம் கொடுக்கும் உலகம் இதற்குக் கொடுப்பதை ஏன் கொழுப்பு என்கிறது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. இப்போது நானும் இரண்டு சீட்டுக்குக் கொடுக்கிறேன். பை மடியில்தான் இருக்கும். அந்த இடம் சும்மா கிடக்கும்.

நீ எல்லாவற்றிலும் சரி என்று எழுதிவிட மாட்டேன். கடைத்தெருவில் செருப்புக் கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் நான் சேர்ந்தபோது, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி, "வாயே தொறக்காதவளுக்கு எந்த பாஷையா இருந்தா இன்னா?" என்றாய். மேனேஜர்கூடச் சிரித்தார். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. நான் அங்கே இங்கிலீஷ் படிக்கவில்லை என்பது உண்மை. அந்த வாத்தியாருக்கே அது அரைகுறை. ஆனால் அங்கே ஒரு ஃபேன் இருந்தது, ஒரு நாற்காலி இருந்தது, ஒரு மணிநேரம் என்னை யாரும் வெங்காயம் நறுக்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. அந்த ஒரு மணிநேரத்துக்குத்தான் காசு கொடுத்தேன். உன் கேள்வியையே வைத்துப் பார், வாங்காமல் இருந்தால் நஷ்டம் எனக்குத்தான். இதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

ஸ்டுடியோவுக்கு வருகிறேன். உன்னைப்போல அவனிடம் சரக்கைக் காட்டச் சொல்ல நினைத்தேன். முதல் தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை, "வேற வீட்டுக்குப் பண்ணிக் குடுத்தது ஏதாவது... காட்டுவீங்களா?" என்றேன். அவனுக்கு ஏக சந்தோஷம். வரிசையாகப் போட்டுக் காட்டினான்.

முதலில் ஒரு மீசைக்காரப் பெரியவர். அருவி. வலது கை எழும்பியது, ஆடியது. "நான் இங்க ரொம்ப நல்லா இருக்கேன். நீங்க யாரும் கவலைப்படாதீங்க. ஒத்துமையா இருங்க." அடுத்து ஒரு ரிட்டயர்டு நர்ஸ். அருவி. அதே கை, அதே ஆட்டம். "நான் இங்க ரொம்ப நல்லா இருக்கேன்." அடுத்தது ஸ்கூல் பையன் ஒருவன். அவனும் ஒற்றுமையாக இருக்கச் சொன்னான். பெரியவர் கையிலும் சரி, பையன் கையிலும் சரி, ஒரே விரல்கள். வேலை செய்து காய்த்த கை ஒன்றுகூட இல்லை. பீடி பிடித்துக் கறுத்த விரல் இல்லை, சாயம் ஏறிய நகம் இல்லை. தோல் மண்டியில் மூட்டை தூக்கியவரானாலும் சரி, நர்ஸ் ஆனாலும் சரி, செத்த பிறகு எல்லாருக்கும் ஸ்டுடியோக்காரன் கைதான்.

உன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சூப்பரா இருக்குது சார்" என்றார்.

அவரை அற்பமாக நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். காய்ச்சல் என்று நீ படுத்தபோது, "ரெண்டு நாள் பாக்கலாம்" என்று மெடிக்கல் ஷாப் மாத்திரையில் நாளைத் தள்ளிய மனிதர் இவர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுத்த அன்று உனக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. அன்றைக்குக் கணக்குப் பார்த்தவர் இன்றைக்கு ஆறுதல் பேக்கேஜுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. கொடுத்தால் ஊர் பார்க்கும் என்றால் மட்டும் அவருக்குப் பணப்பைக்குக் கை போகும். இப்படிப்பட்டவரிடம் உன் குரலைக் கொடுப்பதில்லை என்று, திரும்பி வரும் பஸ்ஸில் முடிவு செய்தேன்.

ஆனால் நேற்று உன் அம்மா கம்பெனி வாசலில் நின்றிருந்தார். அணைக்கட்டு ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். ஷூவுக்குப் பசை தடவும் வேலையில் அன்று லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போகும் என்று தெரிந்தே வந்திருந்தார். உச்சி வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"கண்ணு, அந்தப் படத்தக் காட்டுனான். அது யாரு, எனக்கே தெர்ல. சினிமாக்காரி மாதிரி இருக்குது."

கேட் ஓரத்து நிழலுக்கு அவரை நகர்த்தினேன்.

"அதுல அவ பேசுவான்னு சொல்றான். பேசுவாளா?"

"அவங்க எழுதிக் குடுத்தத அது பேசும்மா."

"என்னை இன்னான்னு கூப்புடுவா?"

"அம்மான்னு."

உன் அம்மா சிரித்தார். உன் தெற்றுப்பல் எங்கிருந்து வந்தது என்று அப்போது பார்த்தேன். "என்னிக்கு அவ என்னை அம்மான்னு கூப்ட்டா? 'இன்னாமே, சோறு ஆச்சா'ன்னுதான் வருவா." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களில் பசை காய்ந்து தோலோடு தோலாக இருந்தது. "உன்கிட்ட அவ பேசுனது இருக்குதாமே. ஒண்ணாச்சும் போட்டுக் காட்டுவியா? காசு கேட்டாலும் பரவால்ல, குடுத்துடறேன்."

காசு. நீ விலை பேசாத ஒரே சாமானுக்கு உன் அம்மா விலை கேட்டார். "ஞாயித்துக்கிழமை வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்டேன். பெரும்பாலும் திட்டுதான். மிக்ஸி விற்றவனுக்கு, கல்யாண மண்டபத்துக்காரனுக்கு, உன் அண்ணிக்கு, எனக்கு. உன் அம்மாவுக்குப் போடக்கூடியது ஒன்றுதான். காய்ச்சல் ஆரம்பித்த முதல் நாள் வீட்டிலிருந்து அனுப்பியது. மூச்சு வாங்குகிறது. பின்னால் உன் அம்மா கேட்கிறார், "இளநீ வாங்கியாரட்டா?" நீ, "வாணாமே, வெயில்ல அலையாத. இங்க வந்து என் பக்கத்துல உக்காரு, அது போதும்" என்கிறாய். பிறகு பாயில் யாரோ உட்காருகிற சத்தம். வளையல் சத்தம். கடைசியில் போனுக்கு வாயை நெருக்கி என்னிடம் சொல்கிறாய்: "ஏய், இத எவளுக்கும் போட்டுக் காட்டாத. என் கொரல் கேவலமா இருக்குது."

நீ சொன்னதை நான் மீறியதில்லை. யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. உன் அண்ணனுக்கும் கொடுக்கப்போவதில்லை. இன்று ராத்திரியே, "இல்லை அண்ணா" என்று எழுதிவிடுவேன். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். பேசாமல் இருப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. குரல் இல்லாமல் அவர்கள் அந்தப் பொம்மையைத் திரையில் ஆட்டட்டும்.

இவ்வளவையும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். ஞாயிற்றுக்கிழமை பந்தலில் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், உன் அம்மாவைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய், ஒரே ஒரு தடவை, என் போனை அவர் காதில் வைக்கட்டுமா? சரி என்று சொல்லேன்.