உப்புப் பார்க்கும் வகுப்பு

உத்திரமேரூர்
12.1.2025

சோபியா அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் சிறையில் நன்றாக இருக்கவேண்டும் என்று ஜெபிக்கிறேன். இரண்டுமே உண்மை.

சோபியா பெங்களூரில் நர்ஸ் வேலையில் சேர்ந்துவிட்டாள். வசந்த் ஒரகடம் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துக்கொண்டான். வீட்டில் நான் ஒருத்திதான். முதல் வாரம் பழக்கதோஷத்தில் மூன்று பேருக்குச் சோறு வடித்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சோபியாதான் போனில் திட்டி ஒரு வழி சொன்னாள். இப்போது சனி, ஞாயிறுகளில் சமுதாயக் கூடத்தில் சமையல் வகுப்புக்குப் போகிறேன். மெட்ராஸ் ஹோட்டலில் ரொம்ப காலம் வேலை பார்த்த சசிரேகா என்பவர் சொல்லிக்கொடுக்கிறார். பிரியாணி, கேக், நூடுல்ஸ் எல்லாம் உண்டு. நான் களை எடுக்கப் போவேனே, அந்த நிலத்துக்கார சுலோச்சனா அம்மாவும் வருகிறார். பிள்ளைகள் கனடா போய்விட்டார்களாம், பொழுது போகவில்லையாம். பக்கத்துப் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கி, இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

நீங்கள் வெட்டிய என் தம்பி தானியேலின் கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிட்டேன்.

எழுதும்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் மனைவி,
சுகிர்தா


மத்திய சிறை
28.1.2025

என் அன்பு சுகிர்தாவுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. பிள்ளைகள் வேலைக்குப் போனதில் மகிழ்ச்சி.

சமையல் வகுப்பு என்று எழுதியிருந்தாய். சிரிப்பு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் வராதது இனிமேலா வரப்போகிறது? யோசித்துப் பார். உன் குழம்பால்தான் நான் இங்கே இருக்கிறேன். அன்றைக்கு உப்பு சரியாக இருந்திருந்தால் நான் ஏன் உன்மேல் கை வைக்கப்போகிறேன், உன் தம்பி ஏன் நடுவில் வந்து விழப்போகிறான், நான் ஏன் அரிவாளை எடுக்கப்போகிறேன்? ஒரு கைப்பிடி உப்பு ஒரு குடும்பத்தையே கெடுத்துவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நீ உணரவேண்டும் என்று சொல்கிறேன்.

நான் தினமும் வேதம் வாசிக்கிறேன். மனம் மாறியிருக்கிறேன். உன்னை நினைக்காத நாள் இல்லை. நீ எங்கே போகிறாய், யாரோடு நிற்கிறாய் என்பதெல்லாம் என் காதுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வகுப்பை நிறுத்திவிடு. வெளியே வந்ததும் மற்றதை உட்கார்ந்து பேசுவோம்.

உன் அன்புக் கணவன்,
ஆல்பர்ட்


உத்திரமேரூர்
16.2.2025

சோபியா அப்பாவுக்கு,

வகுப்பை நிறுத்தவில்லை. இன்றைக்குக்கூடப் போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். கையில் இன்னும் பூண்டு வாசனை அடிக்கிறது.

உப்பைப் பற்றி நீங்களே எழுதிவிட்டதால் நானும் எழுதுகிறேன். போன வாரம் சாம்பாரை இறக்கிவைத்துவிட்டு, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து, உப்பு சரி என்றேன். சசிரேகா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சுகிர்தா, நாக்குல வச்சிப் பாக்காம உப்பு கீதா இல்லியான்னு எப்டிச் சொல்ற?" என்றார். ஆம்பளை சாப்பிடுவதற்கு முன்னால் பொம்பளை நாக்குப் பட்டால் எச்சில் என்று நீங்கள் வைத்த சட்டத்தை வெளியாளிடம் எப்படிச் சொல்வது? சோபியா வயிற்றில் இருந்தபோது, உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு நக்கினேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அந்தக் கையைப் பிடித்து எரிகிற அடுப்பில் அழுத்தினீர்கள். அன்று முதல் மூக்கால்தான் சமைத்தேன்.

சசிரேகா ஒரு டம்ளர் வெந்நீரில் உப்பைப் போட்டு, இன்னொன்றில் போடாமல், "மோந்து பாத்து இதுல எதுல உப்புன்னு சொல்லு" என்றார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. உப்புக்கு வாசனையே கிடையாது! இத்தனை வருஷம் அடி வாங்கியும் இது எனக்கு உறைக்கவில்லை. குருட்டாம்போக்கில் போட்டிருக்கிறேன். சரியாக விழுந்த நாள் பிழைத்தேன், தப்பாக விழுந்த நாள் அடிபட்டேன்.

"இந்தா" என்று சசிரேகா சாம்பார்க் கரண்டியை என் பக்கம் நீட்டினார். நான் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். சுலோச்சனா அம்மாதான் கீழே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கரண்டியை வாங்கி முதலில் அவர் குடித்துவிட்டு, அதே கரண்டியில் எனக்குக் கொடுத்தார். "கம்மியா கீது, இல்ல?" என்றார். ஆமாம், கம்மிதான். எழுந்து போய் ஒரு சிட்டிகை போட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சுகிர்தா


மத்திய சிறை
2.4.2025

சுகிர்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழையதைக் கிளறாதே.

நல்ல செய்தி. ஈஸ்டருக்கு எனக்கு மூன்று நாள் விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வருகிறேன். மட்டன் எடுத்து வை. உன் வகுப்பில் என்ன கிழித்தார்கள் என்று சாப்பிட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு நீ வீட்டில் இருக்கவேண்டும். நான் வரும்போது கதவு திறந்திருக்கவேண்டும்.

ஆல்பர்ட்


மத்திய சிறை
25.5.2025

என் அன்பு சுகிர்தாவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உனக்கு உண்டாவதாக. நான் ஈஸ்டருக்கு வந்துபோய் ஒரு மாதத்துக்குமேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

வலது கன்னத்தில் புண் ஆறிவிட்டது. தழும்பு போகாது என்கிறார்கள். என்ன ஆச்சு என்று இங்கே டாக்டர் கேட்டார். வழுக்கி அடுப்பின்மேல் விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். பொண்டாட்டி அடித்தாள் என்று எந்த ஆம்பளை சொல்வான்? உன்னை நான் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை மறந்துவிடாதே.

உன்னை மன்னித்துவிட்டேன். செப்டம்பரில் எனக்கு விடுதலை. வெளியே வந்ததும் புதிதாக ஆரம்பிப்போம். அந்தப் பொம்பளைகள் சகவாசம் மட்டும் வேண்டாம். உன்னைக் கெடுத்தது அவர்கள்தான். பதில் போடு.

உன் கணவன்,
ஆல்பர்ட்


உத்திரமேரூர்
8.6.2025

ஆல்பர்ட் அவர்களுக்கு,

வழுக்கி விழுந்தேன் என்று நீங்கள் டாக்டரிடம் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நான் எத்தனை தடவை வழுக்கி விழுந்திருக்கிறேன் தெரியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை நீங்கள் உங்கள் இஷ்டத்துக்கு நினைத்துக்கொள்வீர்கள். அதனால் எழுதுகிறேன். மட்டன் எடுத்துச் சமைத்து, மூடி வைத்துவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். பிரியாணிக்குத் தம் போடுவது அன்று என் முறை. நீங்கள் பூட்டைப் பார்த்தீர்கள். சாவியைக் கேட்கவில்லை. நேராகக் கூடத்துக்கு வந்து, "இன்னாடி, வூட்ல இருன்னா ஊர் மேஞ்சிக்கினு கீறியா?" என்று முடியைப் பிடித்து, என் முகத்தை மேசை விளிம்பில் மோதினீர்கள். ஒரு பல் போயிற்று. பிரியாணித் தேக்சாவை உதைத்தீர்கள். அத்தனை பேர் சோறும் தரையில் கொட்டியது. அதைத் தாண்டி மறுபடியும் வந்தீர்கள்.

பக்கத்து வாணலியில் வெங்காயம் பொரிந்துகொண்டிருந்தது. ஜல்லிக்கரண்டி எண்ணெயில் கிடந்தது. எடுத்தேன். "டேய்" என்றேன். உங்களை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் இறக்கினேன். தோல் சுருங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நீங்கள் கீழே விழுந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டீர்கள்.

நான் நிறுத்தவில்லை. மறுபடி எண்ணெயில் முக்கி எடுத்து, உங்கள் கண்ணுக்குக் குறி வைத்தேன். சசிரேகாவும் சுலோச்சனா அம்மாவும் இரண்டு பக்கமும் என் கையில் தொங்கினார்கள். "வாணாம் சுகிர்தா, செத்துப்பூடுவான்" என்று கத்தினார்கள். சாகட்டும் என்றுதான் நான் இழுத்தேன். அவர்கள் என்னைக் கெடுத்தார்கள் என்கிறீர்கள். உங்கள் கண் இருப்பது அவர்களால்தான்.

அடுத்த சனிக்கிழமையே வகுப்புக்குப் போனேன். ஓட்டைப் பல்லோடு பாயசம் வைத்தேன், குடித்தேன், நன்றாக இருந்தது. ஆவணியில் சசிரேகாவோடு கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறேன். தென்னேரியில் முதல் வேலை பேசியாகிவிட்டது.

ஆனால் ஒன்றை உங்களிடம் சொல்லாமல் இருக்கமுடியாது. நேற்று அரிசி களைந்துகொண்டிருந்தேன். இடது கன்னம் இன்னும் பாக்கி இருக்கிறதே என்று தோன்றியது. தோன்றியதோடு நிற்கவில்லை, மனதுக்கு இதமாக இருந்தது. அரிசியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். இத்தனை வருஷம் உங்களுக்குப் பயந்தேன். இப்போது எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. நாம் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால், நீங்கள் தூங்கும்போது நான் அடுப்பைப் பற்றவைப்பேன். எண்ணெய் காய்கிறவரைக்கும் பொறுமையாகக் காத்திருப்பேன். பிள்ளைகளுக்கு அப்பா போய், அம்மாவும் ஜெயிலுக்குப் போவாள். அது வேண்டாம்.

வாலாஜாபாத்தில் உங்கள் அக்காவிடம் பேசிவிட்டேன். உங்களைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் துணிமணிகள் அங்கே இருக்கின்றன. இதற்குப் பதில் போடவேண்டாம், வந்தால் நான் பிரிக்கமாட்டேன்.

உள்ளே வரும் கடிதங்களை முதலில் படிக்கிற ஐயா யாரோ, அவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, செப்டம்பரில் கேட்டைத் திறந்து விடும்போது இவர் உத்திரமேரூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பார். காட்டாதீர்கள். எனக்காக மட்டும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
சுகிர்தா