இரண்டு குமிழ் இடிக்கிறது

ஜூலை 5, சனி

புகைமூட்டம். கிள்ளான் முழுக்கக் கரி வாடை. துணியை வீட்டுக்குள்ளேயே காயப் போட்டாயிற்று.

பார்சல் வந்தது. ஒன்றோடொன்று மாட்டிக் கட்டும் சந்தன நிறப் பிளாஸ்டிக் பிரிக், பழையது, ஒன்றரைக் கிலோ. கொண்டுவந்தவர் கேட்கிறார்: "பேரனுக்கா ஆன்டி?" எனக்கு நாற்பத்தேழு வயது. பேரனாம்! "எனக்குத்தான்" என்றேன். சிரித்தார். நாள் முழுக்கத் தூண்டிலைப் பிடித்துவிட்டு வெறும் வாளியோடு வரும் ஆண்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அது பொழுதுபோக்கு. நான் கட்டடம் கட்டினால் மட்டும் விளையாட்டுச் சாமான்.

பெட்டியில் வரும் படத்தைப் பார்த்துக் கட்டுகிறவள் இல்லை நான். நானே அளந்து, நானே கணினியில் வரைந்து, நானே கட்டுவது. இப்போது எங்கள் ஃபிளாட். கீழ்த்தளம், மேலே மூன்று மாடி. ஒவ்வொரு மாடியையும் தனியாகக் கழற்றலாம். கணக்கு சுலபம்: நிஜத் தரையில் ஓரடி டைல் ஒன்று என்றால் மாடலில் பிரிக்கின் தலையிலுள்ள ஒரு குமிழ்.

செய்ய வேண்டியது:
– வீட்டுக்காரர் ஜோ.வுக்குச் சர்க்கரை மருந்து வாங்க
– தண்ணீர்த் தொட்டிக்குச் சாம்பல் நிறம் தேட
– தங்கைக்குப் போன்

ஜூலை 8, செவ்வாய்

போர்ட் கிள்ளான் ஆபீசில் கப்பல் பேப்பர் மலைபோல. முதுகு ஒடிந்தது. வீடு வந்தால் வாசலில் கமிட்டித் தலைவர் சந்திரன் அண்ணன். எங்கள் கீழ்த்தளத்தில் மூலை வீடு அவருடையது. மேசைமேல் பாதி கட்டியிருக்கும் என் மாடலை எட்டிப் பார்த்தார். 20ஆம் தேதி ஆண்டுக் கூட்டத்தில் அதை வைக்க வேண்டுமாம்.

"நல்ல காரியம் சிஸ்டர். ஆனா பின்னால குப்பைத் தொட்டி வேணாம் லா. சுவத்துல விரிசல் ஏன் போட்டீங்க? புதுசா இருக்கட்டும். என் வாசல்ல பூச்செடி ரெண்டு வைங்க."

விரிசலை நானா போட்டேன்? கட்டடத்தில் இருக்கிறது, மாடலில் இருக்கும். நிஜச் சுவரை எப்போது பூசுவாராம்? கேட்கவில்லை. "பாக்குறேண்ணே" என்று இளித்தேன். என் மேலேயே எரிச்சல்.

ஜோ. இன்றும் வெளியே போகவில்லை. வலது பாதத்தை எடுத்து ஒன்பது மாதம். முன்வாசலில் மூன்று படி. சக்கர நாற்காலியோடு தூக்க இரண்டு பேர் வேண்டும். பின்பக்கம் கார் நிறுத்துமிடத்துக்குப் படி இல்லாத வழி உண்டு, ஆனால் அந்தச் சந்தில் நாற்காலி நுழையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே மாமாக் கடையில் யார் டீ குடிக்கிறார்கள் என்று எனக்குச் சொல்கிறார். "முருகேசு வந்திருக்கான். தனியா உக்காந்திருக்கான்." தினமும் இவரோடு டீ குடித்த கூட்டாளி. கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 12, சனி

மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

கீழ்த்தளம் முடிந்தது. முதல் மாடியைத் தூக்கி மேலே வைத்தேன். உட்காரவில்லை. மேல் சுவர் கீழ்ச் சுவரின் தலைமேல் உட்கார வேண்டும். பின்பக்க மூலையில் மட்டும் கீழ்ச் சுவர் இரண்டு குமிழ் வெளியே துருத்துகிறது.

எங்கோ தவறாகக் கட்டிவிட்டேன். கலைத்தேன், கட்டினேன். அதே இரண்டு குமிழ். மூன்றாம் முறை. அதே. ஆறு மணி நேரம் வீண், நகம் உடைந்ததுதான் மிச்சம்.

ஜோ.: "தலை சுத்துறது கட்டடத்துக்கா, உனக்கா?"

சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் கட்டிய சேலையோடு டைல் எண்ணப் போனேன். எல்லா மாடியிலும் ஒரே மாதிரி ஓடும் பின்பக்க நடைச்சந்தின் அகலம். மூன்றாம் மாடி, நான்கு டைல். இரண்டாம் மாடி, நான்கு. முதல் மாடி, நான்கு. கீழே எங்கள் தளம், இரண்டு.

திரும்ப எண்ணினேன். இரண்டுதான். மிச்சம் சுவருக்கு அந்தப் பக்கம்.

நான் கட்டியது சரி. சுவர்தான் நகர்ந்திருக்கிறது. சந்திரன் அண்ணன் வீட்டுச் சுவர். பொதுச் சந்தில் இரண்டடியை மனுஷன் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறார்!

எப்போது? ஜோ. ஆஸ்பத்திரியில், பிறகு செமினியில் என் தங்கை வீட்டில், ஆக மூன்று மாதம் நாங்கள் இங்கே இல்லை. அப்போதுதான். அதற்கு முன் அந்த ஓரத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள், பூந்தொட்டி வரிசை. எல்லோரும் ஒதுங்கித்தான் நடந்தோம். தொட்டி போனது, சுவர் வந்தது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும்தான். பெரிய அளவுக்காரி!

நாற்காலியை அளந்தேன். இரண்டடி இரண்டு அங்குலம்.

நாங்கள் திரும்பி வந்த அன்று அது சந்தில் சிக்கியது. இதே அண்ணன்தான் வந்து பார்த்தார். "நாற்காலி ரொம்பப் பெருசு சிஸ்டர், சின்னதா மாத்துங்க." வாய் கூசாமல் சொன்னார். அதை நம்பி நான் ஜோ.விடம், "நீங்க கொஞ்சம் எளச்சா சின்ன சைஸ் பத்தும்" என்றேன். என் வாயை எதைப் போட்டுக் கழுவுவது?

ஜூலை 14, திங்கள்

ஆபீஸ் விட்டு நேராக மூலை வீட்டுக்கு.

"அண்ணே, உங்க சுவரு ரெண்டடி வெளிய வந்திருக்கு."

"யாரு சொன்னா?"

"மாடல் பொருந்தலண்ணே. டைலும் எண்ணிட்டேன்."

சிரிக்கிறார். "பொம்மை பிரிக்க வெச்சிக்கிட்டு என் வீட்ட அளக்குறீங்களா? அந்த ரெண்டு குமிழ கழட்டி ஒழுங்கா மாட்டுங்க லா. கூட்டத்துல அழகா இருக்கணும்."

நான் கழற்ற வேண்டுமாம்! வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். ஜோ. என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நாற்காலி பெருசு இல்ல?"

"இல்ல."

"நானும் இல்ல?"

அழுதுவிட்டேன். ஆத்திரம்தான், வேறொன்றுமில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கூட்டம், கீழ்த்தள ஹாலில். மாடலில் குப்பைத் தொட்டி உண்டு. விரிசல் உண்டு. பூச்செடி கிடையாது. முதல் மாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "யாராவது மேல வெச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை.

மூன்றாம் மாடி மலாய் அம்மா, எங்களுக்கெல்லாம் மக்சிக், முதலில். திருப்பினார், அழுத்தினார். "தாக் மாசுக் லா!" நுழையவில்லையாம். அடுத்து லோரி ஓட்டும் சீன அங்கிள். குனிந்து பார்த்தார். எந்த மூலை என்று விரலால் தொட்டார். எழுந்து சந்துக்குப் போனார். பின்னாலேயே பத்துப் பேர். அங்கே டைல் எண்ணுகிற சத்தம், மூன்று மொழியில். எல்லா மொழியிலும் இரண்டோடு நின்றது.

சந்திரன் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "சின்ன ரினவேஷன் லா. பேசித் தீத்துக்கலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஜோ.: "ஆறு மாசமா நான் ஜன்னல்லதான் இருக்கேண்ணே. எப்ப வேணாலும் வந்து பேசியிருக்கலாமே."

தீர்மானம்: மூன்று வாரத்துக்குள் சுவரை எடுக்க வேண்டும். பிறகு பக்கோடா, டீ. அண்ணன் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். எப்படித்தான் இறங்கியதோ.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். காலையிலிருந்து சுத்தியல் சத்தம். கடைசி நாள் வரை இழுத்தடித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இடிக்கிறார்கள். வீடு முழுக்கத் தூசி. மதியத்துக்குள் சுவர் போய்விட்டது.

நாலரைக்கு ஜோ. சட்டை மாற்றினார். சந்தில் கல்லும் மண்ணும் ஓரமாகக் குவிந்து கிடக்கிறது, நாளைக்குப் போகலாம் என்றேன். காதில் வாங்கவில்லை. தள்ளிவிடப் போனேன். "தொடாத" என்றார். தானே உருட்டிக்கொண்டு போனார். எங்கேயும் இடிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணி ஏழாகப் போகிறது. மாமாக் கடையில் எட்டிப் பார்த்தேன், இல்லை. கேட்டைத் தாண்டிப் போனாராம், காவல்காரர் சொன்னார். எந்தப் பக்கம் என்று அவருக்கும் தெரியவில்லை. போன் இங்கே மேசைமேல். இரண்டரை மணி நேரம்! வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே என்ற நினைப்பு வேண்டாமா இந்த மனுஷனுக்கு? வரட்டும். நாலு வார்த்தை நன்றாகக் கேட்கிறேன்.