இரண்டாவது கோடு

03.02.2008, ஞாயிறு

காலையில் பனி. எதிர் வரிசை வீடுகள் தெரியவில்லை. எல்லாரும் தூங்கின பிறகு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா கண்ணில் பட்டால் தொலைந்தேன்.

இன்று மூன்று கத்திரிச் செடிக்கும் புழு விட்டேன். செ.1, செ.2, செ.3. புழுக்கள் ஏரிக்கரையில் ஊர்க்காரர் கத்திரித் தோட்டத்தில் பிடித்தவை. தண்டு நுனி வாடியிருந்தால் உள்ளே ஒன்று இருக்கும். நான்காவது நாற்றை முன்னாடியே கோழி கொத்திவிட்டது, சனியன்.

விதை வந்த கதை. கார்த்திகையில் ஒரு லீவு நாள் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். கம்பெனிக்காரர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றி வலை கட்டிச் சோதனைக்குப் போட்டிருக்கும் கத்திரித் தோட்டம். அம்மாவும் பக்கத்து வீட்டு செல்வி அத்தையும் அங்கேதான் கூலி. ஒரு காய்கூட வெளியே போகக் கூடாது. பறித்ததை எடை போட்டு, குழியில் கொட்டி, கொளுத்துவார்கள். ஒன்றிலும் சொத்தை இல்லை. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. புழு ஏன் தொடவில்லை? மஞ்சளாகப் பழுத்து விழுந்திருந்த ஒன்றைக் காலி தூக்கில் போட்டு மூடினேன். அதன் விதையில் முளைத்தவைதான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் செடிகள்; அம்மாவிடம் சந்தை நாற்று என்று சொல்லியிருக்கிறேன்.

05.02, செவ்வாய்

பனி இல்லை. வேதியியல் டெஸ்ட் சுமார்.

குழாயடியில் பேச்சு.

"அது மரபணு கத்திரிக்காவாம். பேப்பர்ல போட்டுகீதாம்."

"அணுவா? கல்பாக்கத்துல கீதே, அதுவா?"

"அதான். அங்க வேல செய்றவங்களுக்கு ஒடம்புல கதிரு எவ்ளோ ஏறிச்சின்னு பாக்க சட்டையில அட்ட ஒண்ணு குத்தி அனுப்புவாங்களாம். நமக்கு ஒரு தொப்பி கூட தரல."

செல்வி அத்தை: "குட்த்தா மட்டும் இன்னா, உன் கொண்ட மேல நிக்குமா அது?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அந்த அணு வேறு, இந்த அணு வேறு என்று சொல்ல வேண்டும். பாடத்தில் இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

07.02, வியாழன்

செ.1: நுனியில் ஓட்டை, சுற்றிலும் எச்சம். புழு கொழுத்திருக்கிறது.
செ.2: புழு கறுத்துச் சுருண்டு கிடக்கிறது.
செ.3: அதே. குச்சியால் தொட்டேன், அசையவில்லை.

மூன்றும் ஒரே பழத்து விதை. ஒரே மண், ஒரே தண்ணீர். எப்படி? பட்டாணிப் பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நெட்டைச் செடிக்குப் பிறப்பதில் குட்டையும் வரும். தம்பிக்கு அம்மாவின் சுருட்டை முடி, எனக்கு வரவில்லை. அப்படியென்றால் புழுவைக் கொல்லும் அந்த ஜீன் செ.1க்கு வந்து சேரவில்லை. சரியா? டீச்சரைக் கேட்கலாம். விதை ஏது என்பார்கள்.

சாயங்காலம் அம்மா: "சனிக்கெழம வூட்டுங்க பின்னால கீற கத்திரிச் செடிய எல்லாம் டெஸ்ட் பண்ண வராங்களாம். அவங்க செடி யாரு வூட்ல இருந்தாலும் அந்த ஆள வேலய வுட்டு நிறுத்திடுவாங்களாம்." பிறகு, "நம்முளுது சந்த நாத்துதானே?"

"ஆமாம்மா."



08.02, வெள்ளி

செ.2, செ.3 இரண்டையும் பிடுங்கிவிட்டேன். எரிக்கலாம் என்றால் அடுப்படியை விட்டு அம்மா நகரவில்லை. பொழுது சாய்வதற்குள் குப்பைமேட்டில் எறிந்துவிட்டு வந்தேன்.

செ.1ஐயும் பிடுங்கியிருக்க வேண்டும். அதுதான் புத்தி. பிடுங்கினால் நான் நினைத்தது சரியா என்று எப்போதும் தெரியாது. பயமாக இருக்கிறது. இருந்தும் விட்டுவிட்டேன்.

09.02, சனி

வெயில். வயிற்று வலி என்று ஸ்பெஷல் கிளாஸ் போகவில்லை. முழுப் பொய்யும் இல்லை.

சூப்பர்வைசரோடு லேபிலிருந்து ஒரு அக்கா. சுடிதார், கையுறை. செ.1இல் ஒரு இலையைக் கிள்ளி, சின்னக் குப்பியில் போட்டு, சொட்டு மருந்து விட்டு நசுக்கினாள். அதற்குள் ஒரு அட்டைக் குச்சியை நிறுத்தினாள். செல்வி அத்தை எட்டிப் பார்த்தாள்.

"நர்சம்மா வெச்சிகினு கீற குச்சியாச்சே. இன்னா மேடம், செடி முழுகாம கீதா?"

அக்காவுக்கே சிரிப்பு. "கிட்டத்தட்ட அதேதாங்க. ரெண்டு கோடு வந்தா உண்டு. ஒண்ணு வந்தா இல்ல."

சிவப்பாக ஒரு கோடு ஏறியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அது எப்பவும் வரும்மா," என்றாள் அக்கா என்னைப் பார்த்து. "குச்சி சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

இரண்டாவது கோடு வரவே இல்லை. நான் நினைத்தது சரி. அவ்வளவு பயத்துக்கு நடுவில் அப்படி ஒரு சந்தோஷம், யாரிடமும் காட்ட முடியாமல்.

அந்தத் தைரியத்தில் கேட்டேன்: "சமைச்சிட்டா தெரியாதாக்கா?" குச்சிக்குத் தெரியாது, லேபில் தெரியும் என்றாள். கொஞ்சம் குழம்பு போதுமாம். அதிலிருந்து அந்த ஜீன் துண்டை மட்டும் ஜெராக்ஸ் போடுகிற மாதிரி நகல் மேல் நகலாகப் பெருக்கிப் பார்ப்பார்களாம்.

"கொயம்புல உப்பு பத்தலன்னா சொல்லுமா?" செல்வி அத்தை.

அடுத்தது அத்தை வீடு. தொட்டி ஓரம் புதிதாக நட்ட இரண்டு செடி, தலை தொங்கிக்கொண்டு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு கோடு.

சூப்பர்வைசர்: "எங்கருந்து எடுத்தே?"

"குப்பமேட்டுல கெடந்துதுங்க. வேரோட, பச்சையா. அத்த நடாம யாருனா வுட்டுட்டு வருவாங்களா?"

"கத வுடாதே. திங்கக்கெழமலேர்ந்து வேலைக்கு வராதே. கம்பெனி கேஸ் குடுத்தா என்னைக் கேக்காதே."

அத்தை வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. நின்றாள். மாமா செத்த பிறகு அவளுக்கு இந்தக் கூலிதான். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவை நான் எறிந்த செடிகள். திரும்பி வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

10.02, ஞாயிறு

பனி. ராத்திரி தூக்கமே இல்லை. விடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பழம், தூக்கு, புழு, குப்பைமேடு எல்லாம். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு "நட" என்றாள்.

சூப்பர்வைசர் மாகறல் ரோட்டில் ரூம் எடுத்திருக்கிறார். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கத்திரிப் பயத்த நான்தாங்க எடுத்தாந்தேன்," என்றாள் அம்மா. "என் வூட்லதான் மொளச்சிது. பயந்துகினு புடுங்கிப் போட்டேன். செல்விக்கு ஒண்ணும் தெரியாது."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கினாள்.

அவர் துப்பிவிட்டு வந்தார். "அப்ப நீ வராதே. அவள வரச் சொல்லு." அவ்வளவுதான். கேஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது அம்மா முன்னால் வேகமாக நடந்தாள். நான் பின்னாலேயே அழுதுகொண்டு வந்தேன். ஏரிக்கரை ஏறினதும் நின்றாள்.

"ஒரே பயத்து வெத. ஒண்ண புழு துன்னுச்சி, ரெண்டுல செத்துப்போச்சி. எப்டி அது?"

பட்டாணியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். திக்கித் திக்கித்தான். தம்பியின் முடி வரைக்கும் வந்தேன். இடையில் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

"புழு எத்தினி நாள்ல செத்துது?"

"ரெண்டு நாளோ, மூணு நாளோ. சரியாப் பாக்கலம்மா."

அப்போதுதான் கோபம் வந்தது அவளுக்கு.

"வேலயே போச்சி. அதயாவது ஒயுங்கா பாத்திருக்கக் கூடாது?"