பட்டாளத்து ஆபீஸ் சிரிப்பு

வியாசர்பாடி
10-6-2025

கோபக்கார மாமாவுக்குக் கன்னியம்மா எழுதிக்கொள்வது. நானும் மகள் கார்குழலியும் நலம். எண்ணூர் பவர் ஹவுஸ் சாம்பலைத் தின்றுகொண்டு நீங்கள் எவ்வளவு நலமோ, தெரியவில்லை.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று பட்டாளத்து ஆபீஸில் உங்களைச் சாகடித்துவிட்டேன். விதவைகள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே மட்டும்தான் ஃபேன் சுற்றியது. போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த ஆவுடையம்மாள் என்கிற அம்மா என் கையைப் பிடித்து, "எப்படிம்மா ஆச்சு?" என்றார். "நெஞ்சு வலி" என்று வாயில் வந்துவிட்டது. அழுதுகொண்டே ஒரு போண்டா கொடுத்தார். தின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். முன்னாள் ராணுவத்தார் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கின இடத்தில் கார்குழலிக்கு இன்ஜினியரிங் சீட் கேட்கலாம். அதற்கு ஒரு சான்று வேண்டும். பட்டாளத்தை விட்டு வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கோடு நீங்களே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அடுத்த வாரம் புதன்கிழமை கடைசி நாள். இதை விட்டால் அவள் மார்க்குக்குக் கிடைப்பது தனியார் காலேஜ். அது நம்மால் ஆகாது.

அந்த கிளார்க்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆவுடையம்மாள் விதவைகளுக்குக் கொடுக்கிற தையல் மிஷின் கேட்டு வந்தவர், அறுபது வயசு. "மறுகல்யாணம் பண்ணிக்கலன்னு எழுதிக் குடு" என்றவன், "இன்னாமா, பவுடர்லாம் போட்டுகினு வந்துகிற? வூட்ல எவனாச்சும் கீறானா?" என்று சிரித்தான். ரூமே சிரித்தது. அந்தம்மா வேர்வையைத் துடைக்கிற மாதிரி பவுடரைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் போண்டா தொண்டைக்கு வந்தது. த்தூ! புருஷன் பட்டாளத்தில் செத்ததற்கு இவனிடம் வந்து இதைக் கேட்க வேண்டுமா?

நீங்கள் ஃபோனை அணைத்து வைத்திருப்பதால் ஷேர் ஆட்டோ தாவூது கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமை வாங்க.

உங்கள் பொய் விதவை,
கன்னியம்மா

*

எண்ணூர்
12-6-2025

கன்னியம்மாவுக்கு,

நெஞ்சு வலி இல்லை. கண்டெய்னர் யார்டில் ராத்திரி காவல், பகலில் தூக்கம். நலம்.

நான் அங்கே வரமாட்டேன். மாசி மாதம் நாம் இருவரும் போனபோது அதே ஆள் என் புக்கைப் புரட்டிவிட்டு, "குக்கா நீ? எதிரிக்கு சாம்பார் ஊத்துனியா, கரண்டியால அட்ச்சியா?" என்றான். ரூம் சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். நீயும் சிரித்தாய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

அவன் சிரித்ததை அன்றைக்கே மறந்துவிட்டேன். நான் ஏன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று இத்தனை நாளில் நீ ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

புக்கைத் தாவூதிடம் கொடுத்திருக்கிறேன். அதை வைத்து முடித்துக்கொள்.

சுப்பராயன்

*

வியாசர்பாடி
13-6-2025

மாமாவுக்கு,

புக்கைத் திருப்பி அனுப்புகிறேன். ஆள் வராமல் அது செல்லாது.

நான் உங்களைக் கேலி பண்ணுவேன், நீங்கள் என்னைப் பண்ணுவீர்கள். அது நம் வீட்டுச் சிரிப்பு. அதைக் கொண்டுபோய் அந்தக் கலீஜ் பிடித்தவனுக்குக் கொடுத்திருக்கிறேன். போன திங்கட்கிழமை ஆவுடையம்மாளைப் பார்த்துச் சிரித்த மூஞ்சி ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாசியில் என் மூஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்கும். கார்குழலியிடம் சொன்னேன். "நீயாமா சிரிச்ச?" என்றாள். அப்புறம் இரண்டு வேளை தட்டைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்து தின்றாள்.

எனக்காக வர வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். வருகிற திங்கட்கிழமை கார்குழலி பக்கத்தில் வந்து நில்லுங்கள், போதும்.

கன்னியம்மா

*

வியாசர்பாடி
17-6-2025

மாமாவுக்கு,

சான்றைக் கார்குழலி நேற்று சாயங்காலமே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். இனிமேல் அவள் மார்க்கு பாடு.

நேற்று ஆபீஸில் அந்த கிளார்க் "வாய்யா சாம்பார் மிலிட்டரி" என்றபோது நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன். ரூம் சிரித்தது. அவன் என் பக்கம் திரும்பி, நானும் சிரிப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தான். அடைத்துக்கொண்ட சாக்கடையை எட்டிப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தேன். அதற்குத்தான் "இன்னாமா மொறைக்கிற?" என்றான். நான் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது: "சீலு குத்து சார், நாறுது." உங்கள் மீசை அசைந்ததைப் பார்த்தேன், இல்லை என்று சொல்ல வேண்டாம்.

அங்கே சீலுக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை. ஆனாலும் கார்குழலி, கிளார்க்கு கேட்காமலே, "எங்கப்பா பட்டாளத்துல குக்கு" என்று சத்தமாகச் சொன்னாள். அவள் உங்கள் பொண்ணுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்களே சமைப்பதாகச் சொன்னீர்கள். வாங்க. உப்பு கூடினால் சிரிப்பேன், சொல்லிவிட்டேன். வீட்டில் மட்டும்.

நேற்று உங்களுக்கு டிபன் டப்பாவைக் கொடுக்க பஸ் படியில் ஒரு கால் வைத்தேனே, அப்போது பஸ்ஸை எடுத்துவிட்டான். நான் இறங்கிவிட்டேன். என் வலது கால் செருப்பு படியிலேயே நின்று எண்ணூருக்குப் போய்விட்டது. இடது கால் செருப்பைப் போட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கன்னியம்மா