சிகரெட் பிடிப்பாரா?

பிப்ரவரி 9

கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டே, அதைத் தொலைத்துவிட்டேன், புதிது வேண்டும் என்று ஒருவர் இன்று எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்தார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். வீட்டுக் கதவைத் திறந்ததும், "இன்னிக்கு ஒரு கூத்து தெரியுமா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கேட்க ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. என் வாய்க்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

பிப்ரவரி 16

டீச்சர் வீட்டில் சங்கக் கூட்டம். நுரையீரல் புற்றுநோயில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் ஏழெட்டுப் பேர். டீச்சருக்குப் போனது மகள். அடுத்த மாதம் சட்டமன்றக் குழு முன்னால் பேச அனுமதி கிடைத்திருக்கிறது. ஆராய்ச்சிக்கு நிதி வேண்டும், ஊர் ஊராக இலவச ஸ்கேன் வண்டி வேண்டும் என்று கேட்கப் போகிறோம். ஒருவர் தன் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயாடி என்பது ஊரறிந்த விஷயம்.

கிளம்பும்போது டீச்சர் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். "அவர் சிகரெட் பிடிச்சதை மட்டும் சொல்லாதீங்கம்மா. சொன்னா காதை மூடிக்குவாங்க. என் பொண்ணு அதைத் தொட்டதுகூட இல்ல. அவளையே சந்தேகமாத்தான் பார்த்தாங்க."

நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 17

நியாயமா?

பிப்ரவரி 25

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், எதிர்வீட்டுக்காரர், மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் — எல்லோருக்கும் அதே கேள்விதான். "சிகரெட் பிடிப்பாரா?" ஆமாம் என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. மாரடைப்பில் போனவர் வீட்டில் யாராவது, என்னத்தைத் தின்றார் என்று கேட்கிறார்களா?

பிடித்தார். லாரி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து. நான் கத்தாத நாளில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, வெளியே ஊதுவதாக நினைத்துக்கொண்டு, புகை முழுவதையும் வீட்டுக்குள் அனுப்புவார். இப்போது தெருவில் யாராவது பிடித்துக்கொண்டு போனால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. வெட்கக்கேடு. எந்த நாற்றத்துக்காகச் சண்டை போட்டேனோ, அதற்கே ஏங்கி நிற்கிறேன்.

எனக்கு அவர் வேணும். அவ்ளோதான்.

மார்ச் 6

நெட்டை வந்தான். அவரோடு ஒரே லாரியை மாறி மாறி ஓட்டியவன். குழுவுக்கு என்னைக் காரில் கொண்டுபோய் விடுகிறானாம். பேச்சுக்கு நடுவே ஓயாத இருமல். டாக்டரிடம் போனாயா என்றேன்.

"எதுக்கு அண்ணி? நீ ஏன் பிடிச்சேன்னு திட்டுவாங்க. அதுக்கு வீட்லயே இருமிட்டுப் போறேன்."

அவரும் அச்சு அசல் இதையேதான் சொன்னார். சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டார்.

மார்ச் 12

டீச்சர் பேச்சை எழுதிக் கொடுத்தார். டீசல் புகை, தூசி, உழைப்பு என்று எல்லாம் இருந்தது. பொய் ஒன்றுமில்லை. யாரோ ஒரு நல்ல மனிதரைப் பற்றிப் படித்தது போலிருந்தது. என் ஆளைத்தான் காணோம்.

மார்ச் 19

நன்றாகத்தான் பேசினேன். முடித்தபிறகு, குழுவில் இருந்த வயதான அம்மா ஒருவர் தன்மையாகவே கேட்டார். "உங்க வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாராம்மா?"

டீச்சர் என் முழங்கையைப் பிடித்தார்.

"பிடிப்பாருங்க. நிறைய."

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. "விடப் பார்த்தார், முடியலை. இருமல் வந்தப்போ டாக்டர்கிட்ட போகலை. இப்ப நீங்க கேட்டீங்களே, அந்தக் கேள்விக்குப் பயந்துதான் போகலை. போனப்போ எல்லாம் பரவிடுச்சு. சிகரெட் பிடிச்சவங்க செத்தாப் பரவாயில்லையாங்க? எனக்கு அவரை விட்டா வேற யாரு?"

எல்லார் முன்னாலயும் அழுதுட்டேன். அந்த அம்மா குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். அடுத்தவர்களைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் டீச்சர், "எல்லாத்தையும் கவுத்துட்டீங்களேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 20

டீச்சர் போனை எடுக்கவில்லை.

ஜூன் 3

டீச்சரே கூப்பிட்டார். "ஆராய்ச்சிக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம்னுட்டாங்க. நான் விடப்போறதில்ல. ஆனா வண்டிக்கு ஒத்துக்கிட்டாங்கம்மா! வர்றவங்களை யாரும் குத்தம் சொல்லிப் பேசக்கூடாதுன்னு ஒரு வரியும் சேர்த்திருக்காங்க. அந்த அம்மா பிடிவாதமா நின்னாங்களாம்."

பிறகு, "என்மேல இன்னும் கோவமா?" என்று அவர் கேட்டார். நான் கேட்க வேண்டியது அது.

செப்டம்பர் 11

லாரி நிறுத்தத்துக்கு ஸ்கேன் வண்டி வந்தது. நெட்டையைக் காதைப் பிடித்துத் திருகாத குறையாக இழுத்துக்கொண்டு போனேன்.

செப்டம்பர் 24

நெட்டைக்கு இருக்கிறது. சின்னதாக, ஒரே இடத்தில். வெட்டி எடுத்துவிடலாம் என்கிறாராம் டாக்டர். "பொழைச்சுக்குவேனாம் அண்ணி" என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதான். அவன் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எனக்கும் சந்தோஷம்தான், சத்தியமாக.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கும் முதலில் சின்னதாகத்தானே இருந்திருக்கும்?